படிகாரம்

மாதிரிப் பெட்டி அலோர்ஸ்டாரிலிருந்து வரவில்லை.
போன வருஷமும் வரும் என்றுதான் சொன்னார்கள்.
நானே செய்துகொண்டேன்:
காய்ந்த முருங்கை இலை கஞ்சா ஆனது,
மரவள்ளி மாவு ஹெரோயின்.
சியாபுவுக்கு மட்டும் வழியில்லாமல்
என் வீட்டுக்காரர் சவரம் செய்து தடவுகிற
படிகாரக் கட்டியைச் சுத்தியலால் தட்டி
சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டேன்.
ஸ்டிக்கரும் ஒட்டினேன். அசல்போல்தான் இருந்தது.

பீடோங் கடைவரிசை தாண்டி
எண்ணெய் ஆலைப் புகைக்குக் கீழே தமிழ்ப்பள்ளி.
மொத்தமே நாற்பத்து மூன்று பிள்ளைகள்.
"மாத்தாக்கா வந்துட்டாங்க!"
நான் கோப்ரல். மூன்றாம் வகுப்புக்கு அதெல்லாம் எதற்கு,
அது என் இடுப்பைத்தான் பார்க்கிறது,
துப்பாக்கி இருக்கிறதா என்று.

புரொஜெக்டர் கொஞ்ச நேரம் வெறும் நீலமாய் நின்று
பிறகு மனமிரங்கியது.
கெத்தும் இலைப் படம் வந்ததும் கவின்ராஜ் எழுந்து,
"எங்க மாமா வீட்டு கோழிக்கூட்டுக்குப் பின்னாடி
ரெண்டு மரம் இருக்கு" என்றான்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

அடுத்த படம்:
கோபம் வந்தால் பத்துவரை எண்ணு, கையை நீட்டாதே.
சேர்ந்து எண்ணினோம், உரக்க.
குலை ஏற்றிய லோரி ஒன்று கடந்துபோனதில்
ஏழும் எட்டும் கேட்கவில்லை.

பெட்டியைச் சுற்றுக்கு விட்டேன்.
ஐந்தாம் வகுப்பு, கடைசி வரிசை, தேவஷினி
பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்,
மீன்கடையில் செவுளைத் திறந்து பார்க்கிறவள்போல.
"இது பொய்."
என்னம்மா?
"இது படிகாரம், மாத்தாக்கா.
அது இவ்ளோ வெள்ளையா இருக்காது,
கண்ணாடி ஒடஞ்ச மாதிரி இருக்கும்.
காலையில மேசைய தொடைக்கும்போது வெரல்ல குத்தும்."

மின்விசிறி சுற்றுவது கேட்டது.

திரையில் அப்போது பதினான்காவது படம்.
நானே தயாரித்தது, சிவப்பு எழுத்தில்:
தெரிந்தால் போலீஸிடம் சொல்லுங்கள்.
சொல்லிவிட்டாள்.
பதினைந்தாவது படத்தில் நன்றி, வணக்கம்.

போதை வேண்டாம் என்று அச்சடித்த அடிக்கோல்
ஆளுக்கொன்று கொடுத்தோம்.
அவள் கடைசியாக வந்தாள்.
தம்பிக்கும் ஒன்று கேட்டாள், கொடுத்தேன்.
போகவில்லை.
காலணி நுனியால் தரையைத் தேய்த்தபடி,
"அடிக்காம பிடிப்பீங்களா?"

பன்னிரண்டு வருஷ வேலையில்
எந்தத் தேர்விலும் இதை யாரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சட்டப் பிரிவின் எண்ணோடு
ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.
"பிடிப்போம்" என்றேன்.
"நீங்களேவா வருவீங்க?"
அவளுக்குப் பன்மை போதவில்லை.

நிலையத்தில் பாரத்தின் கடைசிக் கட்டம்:
மாணவர் கேட்ட கேள்விகள், எண்ணிக்கை.
இரண்டு என்று எழுதி, அடித்து,
மறுபடி இரண்டு என்றே எழுதினேன்.
சமூக நலத்துறை மூன்றாவது அழைப்பில் எடுத்தது.
பிள்ளைகள் இருவர், என்றேன், இன்றிரவே ஓர் ஆள் வேண்டும்.
பார்க்கிறோம், என்றார்கள்.
சார்ஜன் ரோஸ்லியிடம் போய்
இரவுப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன்.
உனக்கு இன்று ஓய்வாயிற்றே, என்றார்.
ஆமாம். சேருங்கள்.
வேறு யார் வருகிறார்கள் என்று வாசித்தபோது
மூன்றாவது பெயரில் கண் நின்றது.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
அவரை ஜீப்பிலேயே இருக்கச் சொல்ல வேண்டும்.
அவர் எனக்கு மேல்.

வீட்டில் இவர் கண்ணாடிக்கு முன்னால்,
தாடையில் ஒரு சின்னக் கீறலோடு.
"படிகாரத்தை எங்கே வச்சே?"
கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.
ஸ்டிக்கரைப் படித்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு ஒரு சில்லை எடுத்துத் தடவிக்கொண்டார்.
எரிந்திருக்கும், கண்ணை மூடினார்.
ஜீப் எட்டரைக்கு.